சைக்கிள் வியாபாரி தொடங்கிய சினிமா ஸ்டுடியோ

தென்னாட்டின் முதல் படமுதலாளி நடராஜ முதலியாரின் வாழ்க்கை வரலாறு

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் சந்தை கூடுகிறது. பழைய டிரங்க் ரோட்டில் காலையிலிருந்தே ஜனக் கூட்டம். கத்தரி நாற்று, வாழைக்கன்று, புறா, கோழி, பழைய கடிகாரம், கால் உடைந்த நாற்காலி என்று அங்கே கிடைக்காத சாமான் இல்லை. அவற்றின் நடுவே தரையில் விரித்த சாக்கின் மேல் பழைய காமிராக்களும் கிடக்கும். அவற்றைக் கையில் எடுத்து, கண்ணில் வைத்துப் பார்த்து, விலை கேட்டு நிற்கும் இளைஞர்களை எந்த வெள்ளிக்கிழமையும் பார்க்கலாம்.

அவர்களில் சிலருக்கு ஓர் ஆசை உண்டு. சொந்தமாக ஒரு ஸ்டுடியோ வைக்க வேண்டும். கல்யாணப் படம் எடுக்க வேண்டும். குறும்படம், விளம்பரப் படம் எடுத்து முன்னுக்கு வர வேண்டும். ஆசை நல்லதுதான். ஆனால் பணம் எங்கிருந்து வரும்? போட்ட பணம் எப்படித் திரும்பும்? இந்த இரண்டு கேள்விகளில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள்.

நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்விகளுக்கு நேருக்கு நேர் பதில் தேடிய ஒருவர் சென்னையில் இருந்தார். அவர் பெயர் ஆர். நடராஜ முதலியார். தென்னாட்டில் முதன்முதலாகக் கதைப் படம் எடுத்தவர் அவரே. அவர் எப்படிப் பணம் சேர்த்தார், எப்படித் திட்டமிட்டார், எப்படி வென்றார், முடிவில் எதை இழந்தார் என்பதை வாசகர்கள் அறிந்து கொள்வது நல்லது.

பல்லாவரம் ஸ்டேஷனுக்கு மேற்கே இருக்கும் பம்மல் என்னும் ஊருக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதைப் பின்னால் பார்ப்போம்.

சைக்கிளும் மோட்டாரும்

நடராஜ முதலியார் 1885ம் ஆண்டில் வேலூரில் பிறந்தவர். தொழில் செய்து முன்னுக்கு வர வேண்டும் என்ற எண்ணத்தோடு சென்னைக்கு வந்தார். உறவினர் எஸ். எம். தர்மலிங்கம் முதலியாருடன் கூட்டுச் சேர்ந்து, வாட்சன் கம்பெனி என்ற பெயரில் சைக்கிள் வியாபாரம் செய்தார்.

அந்தக் காலத்தில் சைக்கிள் என்பது இன்றைய மோட்டார் காரைப் போல. அதில் ஏறிப் போகிறவரைத் தெருவே நின்று வேடிக்கை பார்க்கும். வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கு அது. ஆகவே, சரக்கு வரவழைப்பது, கப்பல் கூலி பார்ப்பது, கூட்டாளிக்குக் கணக்குக் காட்டுவது எல்லாம் அவருக்கு இளம் வயதிலேயே பழக்கமாயிற்று.

1911ம் ஆண்டில் ரோமர் டான் கம்பெனி என்ற வியாபார ஸ்தாபனத்தைக் கூட்டாளிகள் எடுத்துக் கொண்டார்கள். மோட்டார் காரும் அதன் உதிரிப் பாகங்களும் விற்பது அந்தக் கம்பெனியின் தொழில். சைக்கிளிலிருந்து மோட்டாருக்கு உயர்ந்தார் முதலியார்.

இந்த இடத்தில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சினிமாவுக்கு வரும்போது அவர் வெறுங்கையோடு வரவில்லை. தொழில் அனுபவம் இருந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் என்று வியாபாரிகள் நடுவே பெயரும் இருந்தது. பிற்காலத்தில் அவருக்குப் பணம் கொண்டு வந்து கொடுத்தது இந்தப் பெயர்தான்.

பால்கே காட்டிய வழி

அந்த நாட்களில் மேற்கே பம்பாயில் ஒருவர் சினிமாப் பித்துப் பிடித்து அலைந்து கொண்டிருந்தார். அவர்தான் தாதாசாகிப் பால்கே. அவருடைய 'ராஜா ஹரிச்சந்திரா' 1913ம் ஆண்டில் பம்பாயில் வெளிவந்தது. இந்தியர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப் படம் அது என்று சொல்வார்கள்.

பால்கேயிடம் பணம் இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸ் பாலிசியை அடகு வைத்தார். மனைவி சரஸ்வதி பாய் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். அதுவும் போதவில்லை. கடன் கொடுப்பவருக்கு நம்பிக்கை உண்டாக்க பால்கே ஒரு யுக்தி செய்தார். பட்டாணி விதை ஒன்று முளைத்துச் செடியாவதை, நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் காமிராவில் பிடித்தார். அதைத் திரையில் ஓட்டியபோது, விதை கண்ணெதிரே முளைத்து வளர்ந்தது. பார்த்தவர்கள் பிரமித்தார்கள். பணமும் கிடைத்தது.

இன்று படம் எடுக்க வரும் இளைஞர்கள் முதலாளியிடம் மாதிரிப் படம் போட்டுக் காட்டுகிறார்கள் அல்லவா? அதற்கு முன்னோடி பால்கேயின் அந்தப் பட்டாணிச் செடிதான்.

சென்னையிலும் அப்படித் துணிந்தவர் உண்டு. புகைப்பட ஸ்டுடியோ வைத்திருந்த ரகுபதி வெங்கையா தம் ஸ்டுடியோவையே அடகு வைத்து வெளிநாட்டுச் சினிமாக் கருவியை வாங்கினார். ஊர் ஊராகப் படம் காட்டினார். பிறகு சென்னையில் தியேட்டர் கட்டினார்.

பால்கேயின் படங்களைப் பார்த்த நடராஜ முதலியாருக்குத் தாமும் படம் எடுக்க வேண்டும் என்ற ஆவல் பிறந்தது. ஆனால் அவர் வியாபாரி. ஆவல் வந்தவுடன் பெட்டியைத் திறந்து பணத்தைக் கொட்டவில்லை. ஆழம் பார்த்துத்தான் காலை வைத்தார்.

முதலில் கல்வி, பிறகு காமிரா

முதலியார் முதலில் செய்த காரியம் தொழிலைக் கற்றுக் கொண்டதுதான். அப்போது பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் காமிராக்காரர் இருந்தார். கர்சன் பிரபுவைப் பற்றிய படத்தில் வேலை செய்தவர் அவர். முதலியார் பூனாவுக்குப் போய் அவரிடம் பாடம் கேட்டார்.

அந்தக் காலத்துக் காமிராவில் மோட்டார் கிடையாது. பக்கத்தில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைக் கையால் சுற்ற வேண்டும். வினாடிக்கு இரண்டு சுற்று. ஒரு சுற்றுக்கு எட்டுப் படம் பதியும். வேகமாகச் சுற்றினால் திரையில் மனிதர் ஆமை போல நகர்வார். மெதுவாகச் சுற்றினால் பொம்மலாட்டம் போலத் துள்ளுவார். சீராகச் சுற்றும் கைப்பழக்கம் உள்ளவனே காமிராக்காரன். இந்தப் பழக்கத்தை வைத்துக் கொள்ளாமல் காமிரா வாங்கியிருந்தால், பிலிமுக்குப் போட்ட பணமெல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

கற்றுக் கொண்ட பிறகுதான் காமிராவைத் தேடினார். தஞ்சாவூரில் மூப்பனார் என்ற நிலப்பிரபு ஒருவரிடம் வில்லியம்சன் காமிராவும், பிலிம் பிரதி எடுக்கும் கருவியும் இருந்தன. இரண்டையும் 1,800 ரூபாய்க்கு விலை பேசி முதலியார் வாங்கினார்.

புதுக் காமிராவுக்குச் சீமைக்கு எழுதிப் போட்டு, கப்பல் வரும் வரை காத்திருக்கவில்லை. கைமாறி வந்த காமிராதான். ஆனாலும் வேலைக்கு உதவும் காமிரா. அந்த நாளில் 1,800 ரூபாய் என்பது ஒரு குடும்பத்துக்குப் பெரும் செல்வம். ஆனால் படத் தொழிலின் மொத்தச் செலவுக்கு முன்னால் அது எவ்வளவு சிறிய தொகை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கூட்டாளிகளின் பணம்

இப்போது முக்கியமான கேள்வி. படம் எடுக்கப் பணம் யார் கொடுப்பார்கள்?

தென்னாட்டில் அதுவரை யாரும் கதைப் படம் எடுத்ததில்லை. லாபம் வரும் என்று காட்டுவதற்கு முன்மாதிரி இல்லை. நிலத்தை அடகு வைத்தால் நிலம் இருக்கிறது. நகையை அடகு வைத்தால் நகை இருக்கிறது. சினிமாவை நம்பிக் கடன் கொடுத்தால் கையில் என்ன இருக்கும்? ஒரு தகர டப்பாவும் அதற்குள் ஒரு சுருள் பிலிமும்தான்.

முதலியார் தம் வியாபார நண்பர்களை அணுகினார். அவர்கள் பணம் போட்டார்கள். இந்தியா பிலிம் கம்பெனி பிறந்தது. தென்னாட்டின் முதல் படக் கம்பெனி அது.

கடன் வாங்குவதற்கும் கூட்டுச் சேர்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கடனுக்கு வட்டி ராத்திரியும் பகலும் ஓடும். மழை பெய்து படப்பிடிப்பு நின்றாலும் வட்டி நிற்காது. படம் டப்பாவில் கிடந்தாலும் வட்டி தூங்காது. கூட்டாளியின் பணம் அப்படியல்ல. லாபம் வந்தால் அவருக்கும் பங்கு. நஷ்டம் வந்தால் அவருக்கும் பங்கு. புதுத் தொழிலில் இறங்குகிறவனுக்கு மூச்சுவிட நேரம் கொடுப்பது கூட்டுப் பணமே.

ஆனால் அதிலும் ஒரு பாரம் உண்டு. கடன்காரனுக்குப் பணத்தைத் திருப்பினால் கணக்குத் தீர்ந்தது. நண்பனின் பணத்தை இழந்தால் பணத்தோடு நட்பும் போகும், பெயரும் போகும். நடராஜ முதலியார் சைக்கிள் கடையிலும் மோட்டார் கடையிலும் சேர்த்த பெயர் முழுவதும் இப்போது ஒரு படத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

வெள்ளைத் துணியின் கீழே ஸ்டுடியோ

புரசைவாக்கம் மில்லர்ஸ் ரோட்டில் ஸ்டுடியோ அமைந்தது. ஸ்டுடியோ என்றவுடன் வானளாவும் கட்டடமும் ஆயிரம் விளக்குகளும் வாசகர்களின் கண்முன் தோன்றலாம். அப்படி ஒன்றும் இல்லை. விளக்கு சூரியன்தான். திறந்த வெளியில் மேடை. அதற்கு மேலே மெல்லிய வெள்ளைத் துணி. சென்னை வெயில் அந்தத் துணி வழியே வடிகட்டி இறங்கும்போது நடிகர் முகத்தில் கடுமையான நிழல் விழாது. கண்ணும் கூசாது.

எவ்வளவு சிக்கனம் பாருங்கள்! சூரியனுக்கு வாடகை இல்லை. ஆனால் ஒரு சங்கடம். மேகம் வந்தால் வேலை நின்று போகும். மாலையானால் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு பகல் பொழுதும் பணமாகும். நடிகர் வரும் நேரம், வேஷம் போடும் நேரம், வெயில் சரியாக விழும் நேரம் எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் வேலை நடத்த வேண்டும்.

பிலிம் லண்டனிலிருந்து வர வேண்டும். கோடக் கம்பெனியின் பம்பாய்க் கிளையில் இருந்த கார்ப்பெண்டர் என்ற ஆங்கிலேயரின் உதவியால் அதை வரவழைத்தார்.

எடுத்த பிலிமைக் கழுவ வேண்டுமே? அதற்குச் சென்னை வெப்பம் ஒத்து வரவில்லை. பிலிமின் மேல் ஜெலட்டின் என்னும் பசை பூசப்பட்டிருக்கும். மருந்துத் தண்ணீர் சூடாக இருந்தால் அந்தப் பசை இளகி, படமே கெட்டு விடும். ஆகவே குளிர்ச்சியான பெங்களூரில் கழுவும் கூடத்தை அமைத்தார் முதலியார். நாராயணசாமி ஆச்சாரி என்பவர் அந்த வேலையைக் கவனித்துக் கொண்டார். வாரக் கடைசியில் முதலியார் பிலிம் சுருள்களோடு பெங்களூருக்கு ரயில் ஏறுவார். ஏறத்தாழ 220 மைல் பிரயாணம்.

அந்தப் பிரயாணத்தை எண்ணிப் பாருங்கள். வாரம் முழுவதும் பாடுபட்ட பலன் அந்த டப்பாவுக்குள் இருக்கிறது. படம் சரியாக விழுந்திருக்கிறதா என்பது பெங்களூரில் கழுவிப் பார்த்த பிறகுதான் தெரியும். இன்றைய காமிராவில் எடுத்த மறுகணமே படத்தைப் பார்த்து விடலாம். அன்று அப்படியில்லை. படம் கெட்டுப் போயிருந்தால் மறுபடியும் நடிகர், மறுபடியும் வேஷம், மறுபடியும் செலவு!

பம்மல் கொடுத்த தைரியம்

எந்தக் கதையை எடுப்பது? இங்கேதான் பம்மல் வருகிறது.

பம்மல் சம்பந்த முதலியாரைத் தமிழ் நாடக உலகம் நன்றாக அறியும். 1873ம் ஆண்டில் பிறந்தவர். வக்கீலாக இருந்தவர்; பின்னர் நீதிபதியாகவும் இருந்தார். 1891ம் ஆண்டில் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கூத்தாடிகள் தொழில் என்று இகழப்பட்ட நாடகத்தில் படித்தவர்களையும் உத்தியோகஸ்தர்களையும் நடிக்க வைத்த பெருமை அவருடையது. பல்லாவரத்துக்குப் பக்கத்தில் உள்ள பம்மலின் பெயரைத் தம் பெயருக்கு முன்னால் வைத்து நாடெங்கும் பரப்பியவர் அவர்.

நடராஜ முதலியார் இந்த நண்பரிடம் யோசனை கேட்டார். மகாபாரதத்தில் உள்ள கீசகன் கதையை எடுக்கலாம் என்று சம்பந்த முதலியார் சொன்னார்.

பாண்டவர்கள் விராட நாட்டில் மறைந்து வாழ்ந்த காலம். திரௌபதி, அரசியின் பணிப்பெண்ணாக வேலை பார்க்கிறாள். அரசியின் தம்பி கீசகன் அவள் மேல் ஆசை வைக்கிறான். பீமன் இருட்டில் காத்திருந்து அவனைக் கொன்று தீர்க்கிறான். இதுதான் கதை.

உறவினர் சிலர் இதை ஏற்கவில்லை. முதல் முயற்சிக்கு ஏற்ற கதை இதுவல்ல என்று தடுத்தார்கள். நம் வீடுகளில் புதுக்கணக்குப் போடும்போது மஞ்சள் தடவி, நல்ல வார்த்தை பேசித்தானே தொடங்குகிறோம்? பிறன் மனைவியை விரும்பியவனின் கதையும் அதன் முடிவில் ஒரு கொலையும் புதுத் தொழிலுக்குத் தொடக்கமாக இருப்பதை அவர்கள் விரும்பாததில் அதிசயம் இல்லை.

சம்பந்த முதலியார் தைரியம் சொன்னார். நடராஜ முதலியார் அந்த வார்த்தையை நம்பினார். இதில் வியாபார நியாயமும் இருந்தது. கதை எல்லோருக்கும் தெரியும். கூத்திலும் காலட்சேபத்திலும் ஜனங்கள் கேட்டு வளர்ந்த கதை. பேச்சு இல்லாத படத்தில், பார்ப்பவர்களுக்குக் கதை முன்பே தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

சம்பந்த முதலியாரின் நாடகத் தோழரான வக்கீல் ரங்கவடிவேலு கதையைக் காட்சிகளாகப் பிரிக்க உதவினார். கீசகனாக ராஜு முதலியாரும், திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தார்கள். இருவரும் நாடக மேடையில் பழகியவர்கள். பாத்திரங்களின் தோற்றத்துக்கு ரவிவர்மாவின் ஓவியங்கள் வழிகாட்டின. அந்த ஓவியங்களின் அச்சுப் படங்கள் அப்போதே வீட்டுச் சுவர்களில் தொங்கின. ஆகவே திரையில் பார்த்தவுடன் ஜனங்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

வரவும் செலவும்

'கீசக வதம்' ஏறத்தாழ 35 நாட்களில் எடுத்து முடிக்கப்பட்டது. நீளம் 6,000 அடி. வினாடிக்கு ஓர் அடி வீதம் ஓட்டினால் 100 நிமிஷம் ஓடும். மொத்தச் செலவு 35,000 ரூபாய்.

வாசகர்கள் ஒரு காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொள்ளலாம். 35 நாட்களுக்கு 35,000 ரூபாய் என்றால் சராசரியாக நாள் ஒன்றுக்கு 1,000 ரூபாய். அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 5 ரூபாய் 13 அணா. காமிராவும் பிரதி எடுக்கும் கருவியும் சேர்ந்து 1,800 ரூபாய்தான். அதாவது கருவிகளின் விலை, இரண்டு நாள் செலவுக்கும் குறைவு!

பெரும் பணம் போனது கருவிக்கு அல்ல. பிலிம், கழுவும் வேலை, ஆட்கள், வேஷம், ஜோடனை, பிரயாணம் என்று அன்றாடம் கரையும் செலவுக்கே போனது. சிறு தொழில் தொடங்குகிறவர்கள் மறக்கும் பாடம் இதுதான். கருவிக்கு மட்டும் பணம் சேர்த்து விட்டால் தொழில் தொடங்கிவிட்டதாக நினைக்கிறார்கள். கருவியை வாங்கிய பிறகுதான் செலவே ஆரம்பமாகிறது.

படத்தில் பேச்சு இல்லை. ஆகவே நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். ஆங்கிலம், தமிழ், ஹிந்தி ஆகிய மூன்று மொழிகளில் முதலியார் அட்டைகள் எழுதச் செய்தார். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் குருசாமி முதலியாரும், பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியர் திருவேங்கட முதலியாரும் உதவினார்கள். ஹிந்தி அட்டைகளை எழுதியவர் காந்தி அடிகளின் மகன் தேவதாஸ் காந்தி.

இது வெறும் அலங்காரம் அல்ல, கெட்டிக்கார வியாபாரம். சென்னையில் மட்டும் ஓடினால் எவ்வளவு வசூலாகும்? மூன்று மொழி அட்டைகள் இருந்தால் பல தேசங்களுக்கு அனுப்பலாம். 1917-18ம் ஆண்டுகளில் உருவாகி வெளிவந்த இந்தப் படம் சென்னை எல்பின்ஸ்டன் தியேட்டரில் காட்டப்பட்டது. பிறகு இந்தியாவின் பல பகுதிகளுக்கும் பர்மா, இலங்கை, மலேயா, சிங்கப்பூர் ஆகிய தேசங்களுக்கும் போயிற்று. தமிழர் கப்பலேறிப் போன இடங்களில் எல்லாம் கீசகனும் போய்ச் சேர்ந்தான்.

வசூல் 50,000 ரூபாய். செலவு போக லாபம் 15,000 ரூபாய். போட்ட பணத்தில் நூற்றுக்கு 42 ரூபாய்க்கு மேல் லாபம்! நண்பர்களின் பணம் பிழைத்தது. முதலியாரின் பெயரும் பிழைத்தது. ஆகாத கதை என்று சொல்லப்பட்ட கதையே அதிர்ஷ்டத்தைக் கொண்டு வந்தது.

அடுத்தடுத்த படங்கள்

முதல் வெற்றியோடு முதலியார் நிறுத்தவில்லை. 'திரௌபதி வஸ்திராபஹரணம்' எடுத்தார். அந்தக் காலத்தில் காமிரா முன் நிற்கப் பெண்கள் கிடைப்பது அரிது. குடும்பப் பெண்கள் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இந்தப் படத்தில் திரௌபதி வேஷத்துக்கு ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரை நடிக்க வைத்தார். படத்தில் பேச்சு இல்லாததால் தமிழ் தெரியவில்லை என்ற குறை எழவில்லை.

'லவகுசா', 'ருக்மிணி சத்யபாமா', 'மார்க்கண்டேயா', 'மயில் ராவணன்', 'காளிங்க மர்த்தனம்' முதலிய படங்களும் வந்தன. எல்லாமே ஜனங்கள் அறிந்த புராணக் கதைகள். முதல் படத்தில் கண்ட வழியை அவர் கைவிடவில்லை.

வேறு சிலரும் இந்தத் தொழிலில் துணிந்து இறங்கினார்கள். ரகுபதி வெங்கையா தம் மகன் பிரகாஷுடன் 1921ம் ஆண்டில் சென்னையில் ஒரு படக் கம்பெனியைத் தொடங்கினார். மில்லர்ஸ் ரோட்டில் வெள்ளைத் துணியின் கீழே தொடங்கிய தொழில் சென்னையில் வேர் பிடித்து விட்டது.

தீ

1923ம் ஆண்டு முதலியாருக்குப் பொல்லாத ஆண்டாக அமைந்தது. ஸ்டுடியோ தீக்கிரையாயிற்று.

அந்தக் காலத்துப் பிலிம் நைட்ரேட் என்னும் ரசாயனச் சரக்கால் செய்யப்பட்டது. வெடிமருந்துப் பஞ்சுக்கு நெருங்கிய உறவு அது. ஒரு பொறி பட்டால் போதும். பற்றிய தீயை அணைப்பது கடினம். தண்ணீருக்குள் போட்டாலும் எரியும் குணம் உடையது. உலகம் முழுவதும் எத்தனையோ தியேட்டர்களும் ஸ்டுடியோக்களும் இந்த நைட்ரேட் பிலிமால் சாம்பலாகியிருக்கின்றன.

ஸ்டுடியோ போனதோடு துயரம் முடியவில்லை. முதலியார் தம் மகனையும் பறிகொடுத்தார்.

பணம் போனால் சம்பாதிக்கலாம். காமிரா போனால் வாங்கலாம். கூட்டாளி போனால் வேறொருவரைச் சேர்க்கலாம். பிள்ளை போனால்? ஐந்து வாரத்தில் படம் எடுத்த மனிதர், சீமைப் பிலிமையும் பெங்களூர் ரயிலையும் சென்னை வெயிலையும் கணக்கில் அடக்கிய மனிதர், இந்த ஒரு நஷ்டத்தை எந்தக் கணக்கிலும் அடக்க முடியவில்லை. படத் தொழிலை விட்டு விலகினார். அப்போது அவருக்கு வயது 38தான்.

பிறகு நெடுங்காலம் வாழ்ந்தார். 1931ம் ஆண்டில் 'காளிதாஸ்' வெளிவந்து, தமிழ் திரையில் பேசியது. கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்கள் எழுந்தன. அவருக்குத் தைரியம் சொன்ன பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' நாடகம் 1954ம் ஆண்டில் பெரும் வெற்றிப் படமாயிற்று. சம்பந்த முதலியார் 1959ம் ஆண்டில் பத்மபூஷண் பட்டம் பெற்று, 1964ம் ஆண்டில் காலமானார். தாம் நட்ட செடி மரமாகிக் காய்த்துக் குலுங்கியதைப் பார்த்த பிறகு, 1971ம் ஆண்டில் நடராஜ முதலியாரும் கண்ணை மூடினார்.

'கீசக வதம்' படத்தின் பிரதி ஒன்று கூட இன்று இல்லை. 6,000 அடியில் ஓர் அடி கூட மிஞ்சவில்லை.

நாம் அறிய வேண்டியது

படம் மிஞ்சாவிட்டாலும் பாடம் மிஞ்சியிருக்கிறது. பல்லாவரத்திலோ பம்மலிலோ குரோம்பேட்டையிலோ ஒரு சிறு ஸ்டுடியோ வைக்க நினைக்கும் தம்பிகளும் தங்கைகளும் முதலியாரின் கணக்கைத் தங்கள் கணக்கோடு ஒட்டிப் பார்க்கலாம்.

முதலாவது, தொழிலைக் கற்ற பிறகே கருவி வாங்க வேண்டும். பூனாவில் கை பழகிய பிறகுதான் தஞ்சாவூரில் காமிரா வாங்கினார் முதலியார். புதுக் கருவிதான் வேண்டும் என்றும் அவர் அடம் பிடிக்கவில்லை.

இரண்டாவது, கருவியின் விலையை மட்டும் முதல் என்று எண்ணக் கூடாது. கடை முன்பணம், மாத வாடகை, மின்சாரக் கட்டணம், உதவியாள் சம்பளம், ரிப்பேர் எல்லாம் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. வாடகைக்கு ஆடி ஏது, மார்கழி ஏது? வருமானம் இல்லாத மாதங்களையும் சேர்த்து, ஆறு மாதச் செலவையாவது தனியே எடுத்து வைத்துக் கொண்டு இறங்குவது நல்லது.

மூன்றாவது, பணம் எந்த வழியில் வருகிறது என்பதை யோசிக்க வேண்டும். முதலியார் காலத்தில் இல்லாத வசதி இன்று உண்டு. சிறு தொழிலுக்கு பாங்கிகள் கடன் தருகின்றன. 2015ம் ஆண்டில் தொடங்கிய முத்ரா போன்ற திட்டங்களில் சொத்து ஈடு இல்லாமலும் கடன் கிடைக்கிறது. ஆனால் கடன் எப்போதும் கடன்தான். தவணை தப்பாது. தவணை கட்டும் சக்திக்கு மேல் வாங்கினால் முதலுக்கே மோசம் வரும். நண்பரோடு கூட்டுச் சேர்ந்தால், யார் போட்டது எவ்வளவு, லாபத்தில் பங்கு எவ்வளவு, நஷ்டம் வந்தால் யார் எவ்வளவு தாங்குவது என்பதை முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொள்ள வேண்டும். அது நட்புக்கு அவமரியாதை அல்ல, நட்புக்குக் காவல்.

நான்காவது, சரக்கை எங்கே விற்பது என்பதைச் சரக்கு செய்யும்போதே தீர்மானிக்க வேண்டும். மூன்று மொழி அட்டைகளை எழுதும்போதே முதலியாரின் கண் கடல் கடந்து போயிருந்தது.

ஐந்தாவது, தீ. இன்று நைட்ரேட் பிலிம் இல்லை. ஆனால் மின்சாரம் இருக்கிறது, சூடேறும் விளக்கு இருக்கிறது, திரைச் சீலை இருக்கிறது. நல்ல ஒயரிங், தீயணைக்கும் கருவி, இன்ஷூரன்ஸ், எடுத்த படங்களுக்கு வேறோர் இடத்தில் இன்னொரு பிரதி என்ற நான்கையும் செலவு என்று நினைக்கக் கூடாது. உள்ளே வேலை செய்பவர்கள் நம் பிள்ளைகள் என்பதை நினைத்துக் கொண்டால் போதும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் பழைய காமிரா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்க்கும் வாசகர், தஞ்சாவூரில் பழைய காமிரா ஒன்றுக்கு விலை பேசிய அந்தச் சைக்கிள் வியாபாரியை ஒரு நிமிஷம் நினைத்துக் கொள்ளட்டும். பிறகு வீட்டுக்குப் போய், காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் போடட்டும். கணக்குச் சரியாக வந்தால் துணிந்து இறங்கட்டும்.